3,12,000 கிலோமீட்டர் ஓடிய கார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய கார் வாங்குவோருக்குத் தந்திருந்த யோசனைகளில் ஒன்று, ‘லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டீசல் கார் பக்கமே போகாதீர்கள்’ என்பது. 3,12,000 ஓடிய டீசல் டிசையர் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் நிற்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

2012-ல் வாங்கியது. அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25, 30 ரூபாய் வித்தியாசம். எனக்கு வீடு கோவில்பட்டியில், வேலை திருநெல்வேலியில். போக 55, வர 55 என்று தினமும் 110 கிலோமீட்டர். அந்தக் கணக்குக்கு டீசலைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே இல்லை. (இன்று அந்த வித்தியாசம் 8 ரூபாய் சொச்சத்துக்கு வந்துவிட்டது. மாதம் 1,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் இப்போது ஏன் டீசல் கார் தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அது வேறு கதை.)

உள்ளே இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஒரு காலத்தில் கம்பெனி பேதமில்லாமல் பல கார்களில் இதே இன்ஜின்தான் ஓடியது. வால்வுகளை இயக்க, அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவேன். ஓட்டி வந்து நிறுத்தியதும் அரை நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைப்பேன். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிற டர்போவுக்கு அந்தச் சூட்டோடு ஆயில் வரத்து நின்றுவிடக் கூடாது. 1,40,000-ல் கிளட்ச் போனது. தப்பு என்னுடையது, பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம். 2,30,000-ல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சரிபார்த்தோம். இன்ஜினை இதுவரை பிரிக்கவில்லை.

எதிர் வீட்டுக்காரரிடமும் ஒரு டீசல் கார் இருக்கிறது. 9 வருடத்தில் 41,000தான் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடம், மார்க்கெட், கோவில். எங்கே போனாலும் 2 கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். போன வருடம் வண்டி இழுக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் விட்டார். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புகிற இஜிஆர் வால்வைக் கழற்றிக் காட்டினார்கள், உள்ளே விரல் போக இடமில்லாமல் கரி அடைத்திருந்தது. உங்கள் யோசனைப்படி பார்த்தால் அந்தக் கார்தான் தங்கம், என்னுடையது தகரம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. பையன் சொன்னானே என்று ஆறு மாதத்துக்கு முன் விற்றுவிடலாம் என நினைத்து ஒரு புரோக்கரைக் கூப்பிட்டேன். வந்தவர் சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தார், அவ்வளவுதான். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “அண்ணாச்சி, 3 லட்சம்னா ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். டெல்லியில 10 வருஷ டீசலுக்கே தடை. மீட்டரை 85,000னு மாத்தி வச்சிருவோம், சின்ன வேலைதான்” என்றார். டெல்லித் தடை 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்துக்குப் போட்டது, இங்கே 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி 5,000 ரூபாய் கட்டணத்தோடு பதிவைப் புதுப்பிக்கலாம் என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

அந்த ‘சின்ன வேலை’ செய்த கார் ஒன்று என் அலுவலக நண்பர் தலையில் ஏற்கெனவே விழுந்திருந்தது. மீட்டரில் 72,000. பிரேக் பெடல் ரப்பரோ வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. சந்தேகப்பட்டு, பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்கினால் 2 வருடத்துக்கு முன்பே 1,86,000! பணம் கொடுத்த பிறகு கேட்டு என்ன பயன்?

லட்சம் தாண்டியதைத் தொடாதே என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தால், லட்சம் தாண்டிய கார் ஒன்றுகூடச் சந்தையில் இருக்காது. எல்லாம் 85,000-லேயே நிற்கும். உண்மையான எண்ணோடு நிற்கிறவன்தான் ஏமாளி.

அடுத்த முறை எழுதும்போது மீட்டரை விட்டுவிட்டு வேறு சிலதைச் சொல்லுங்கள். காலையில், விற்கிறவர் ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன்னால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சர்வீஸ் பில்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

என்னுடைய பில்கள் 2012-லிருந்து ஒரு மஞ்சப்பையில் கிடக்கின்றன. புரோக்கர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. காரை விற்கவில்லை. போன வாரம்தான் ஆயில் மாற்றினேன். அந்த பில்லும் அதே பையில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி.