பெண்கள் ஐக்கிய சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

ஆயர் ஐயா அவர்களுக்கும் கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் மழை வாரங்கள் நீங்கலாக நடந்தது. மார்ச்சில் உலக ஜெப நாளை ஆசரித்தோம். கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு மேல் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரை போய் வந்தோம்.

பிடியரிசியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிச் செம்பில் போடுவது, நம் பாட்டிமார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கேரளத்தின் இந்தப் பீருமேட்டு மலைக்குக் கொண்டுவந்த பழக்கம். இடையில் நின்றுபோயிருந்தது. தோட்டம் பூட்டி, சம்பளமும் கிராஜுவிட்டியும் கைக்கு வராமல் கிடக்கிற நேரத்தில் அதை நான் மறுபடி ஆரம்பித்தேன். இல்லாத வீட்டில் எந்த முகத்தோடு கேட்பது என்று கமிட்டியிலேயே பேச்சு வந்தது. கேரீத் ஆறு வற்றிய பிறகு கர்த்தர் எலியா தீர்க்கதரிசியைக் களஞ்சியம் உள்ள வீட்டுக்கா அனுப்பினார்? கடைசி அப்பம் சுட விறகு பொறுக்கிக்கொண்டிருந்த சாரிபாத் விதவையிடம் அல்லவா அனுப்பினார்? அவள் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான்.

ஜூலை மழையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓடவில்லை, கூலியும் இல்லை. ஏழு வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தது. பிடியரிசி சேர்க்கும் டின்னில் ஒன்பது கிலோ இருந்தது. இரண்டு நாளுக்குத்தான் காணும் என்று தெரிந்தே பங்கிட்டோம். மூன்றாம் நாள் காலையில், தானே ரேஷன் அரிசியில் காலம் தள்ளுகிற கடைசி லயத்துப் பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். அன்று சாயங்காலம், கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போயிருந்த தம்பி வாரக்கூலியில் அரை மூட்டை வாங்கி வந்து இறக்கினார். அவருக்கு நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. இப்படிப் பன்னிரண்டு நாள் பங்கிட்டோம். அத்தனை நாளும் டின் நிறையவும் இல்லை, காலியாகவும் இல்லை. அதை என் கையால் அளந்தவள் நான், சாட்சியாகச் சொல்கிறேன்.

முப்பத்தெட்டு உறுப்பினர்களில் தவறாமல் பிடியரிசி தந்தவர்கள் பதினாறு பேர். சந்தா பாதிப்பேருக்கு மேல் பாக்கி. வேலை இழந்தவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் சந்தாவைக் கமிட்டி தள்ளுபடி செய்துவிட்டது. பென்ஷன் வருகிற, பிள்ளைகள் திருப்பூரிலிருந்து பணம் அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில், "டோனாவூர் அம்மா யாரிடமும் கேட்டதில்லையே, நீங்கள் ஏன் வாசல் வாசலாக ஏறுகிறீர்கள்?" என்றார்கள். அவர்கள் சொன்ன மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்ததும், தேவையை ஜெபத்தில் மட்டும் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த ஜெபத்துக்குப் பதிலாக வந்த பணம், யாரோ ஒருவர் கர்த்தர் உணர்த்தியதும் கையைத் திறந்ததால் வந்தது. அந்த வீட்டில் கேட்ட வார்த்தை எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனாலும் மறுவாரம் அதே வாசலுக்குப் போனேன்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்கள். மீதி என்று பெரிதாக இல்லை. கைமாற்று வாங்கியதெல்லாம் தீர்ந்தது.

ஆயர் ஐயாவுக்கும், உபதேசியாருக்கும், அரிசி சுமந்த வாலிபப் பிள்ளைகளுக்கும் நன்றி.

வருகிற ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும், மழையும் பிடிக்கும். தோட்டம் திறப்பதைப் பற்றி நல்ல சேதி இன்னும் வரவில்லை. கர்த்தர் இந்த வருஷமும் போஷிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் கையால் என்பதைத்தான் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டின் பின்வரிசைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று அளந்தபோது நாலு கிலோ இருந்தது.

இப்படிக்கு,
செயலாளர்