மூட்டையைப் பிரிக்காமல் விலை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், நம்ம கோயமுத்தூர் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜெகதீசன் ஒரே ஆட்டத்தில் அடித்த 277 ரன்னை "அருணாச்சலப் பிரதேசத்தை அடித்ததெல்லாம் ஒரு கணக்கா" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இதே வழக்கு எங்கள் வீட்டில் அமெரிக்க விளையாட்டை வைத்து ஒரு பொங்கல் முழுக்க ஓடியது. அதைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

என் மகன் வேலை பார்ப்பது ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்தில். மாப்பிள்ளை அலபாமாவில், பர்மிங்ஹாமில். இரண்டு பேரும் போன ஊரின் காலேஜ் ஃபுட்பால் அணியைச் சொந்த அணி ஆக்கிக்கொண்டார்கள். (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான், நம்ம ஊர் கால்பந்து இல்லை.) அங்கே 130க்கு மேல் பெரிய காலேஜ் அணிகள் இருக்கின்றன. ஆளுக்கு 12 ஆட்டம்தான், எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. அதனால் யார் பெரியவன் என்பதை ஆட்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுச் சொல்கிறார்கள். செய்தியாளர்கள் போடும் பட்டியல் 1936லிருந்து வருகிறது. பட்டம் யாருக்கு என்று மோதும் கடைசிச் சுற்றுக்கு ஆள் எடுப்பது 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி. அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. அலபாமா இருப்பது எஸ்.இ.சி. குழு, ஒஹாயோ ஸ்டேட் இருப்பது பிக் டென். பெயர்தான் பிக் டென், அதில் 18 அணி! பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டு இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரைக் குழுவில். அதை விடுங்கள், டிவிக் காசு.

மாப்பிள்ளையின் வாதம் இது. எஸ்.இ.சி.யில் எல்லா அணியும் புலி, அங்கே மூன்று ஆட்டம் தோற்றவன்கூட வேறு குழுவில் தோற்காதவனுக்குச் சமம். மகன் விடவில்லை, "அட போங்க மச்சான், யாரு புலின்னு ஆடி முடிச்சப்புறந்தான தெரியும்" என்றான்.

அவன் எடுத்துப்போட்டது 2023 கதை. எஸ்.இ.சி.யில் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த வருடம், குழுவின் இறுதி ஆட்டத்தையும் சேர்த்து, 13 ஆட்டமும் ஜெயித்தது. நவம்பரில் அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரருக்குக் கால் போய்விட்டது, சரி, அதற்கப்புறமும் ஜெயித்தார்கள். ஆனால் கமிட்டி, அப்போது நாலே அணி ஆடிய கடைசிச் சுற்றுக்கு அவர்களை விட்டுவிட்டு, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை எடுத்தது. "அப்புறம் ஜார்ஜியாகிட்ட 63க்கு 3ன்னு வாங்குனாங்களே, அதைச் சொல்லு மாப்ள" என்றார் மாப்பிள்ளை (ஜார்ஜியாவும் எஸ்.இ.சி. அணிதான்). பட்டமே இல்லை என்றானபின் பாதிப் பேர் அந்த ஆட்டத்துக்கு இறங்கவே இல்லை என்று மகன் குரலை உயர்த்தினான். எடுக்கப்பட்ட அலபாமா என்ன ஆனது? மிச்சிகனிடம் 27-20 என்று தோற்றது. மிச்சிகன் பிக் டென் அணி, பட்டமும் அவர்களுக்குத்தான்.

2024இல் கடைசிச் சுற்றுக்கு 12 அணி என்று ஆக்கினார்கள். சண்டை ஓயவில்லை, இடம் மாறியது. மூன்று ஆட்டம் தோற்ற அலபாமாவை விட்டுவிட்டு எஸ்.எம்.யூ. என்ற டல்லாஸ் அணியை எடுத்தார்கள். அது பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று உதை வாங்கியதும் மாப்பிள்ளை வாசல் திண்ணை வரைக்கும் எழுந்துபோய்த் திரும்பி வந்து "பாத்தீங்களா மாமா, பாத்தீங்களா" என்றார், என்னமோ நான்தான் கமிட்டித் தலைவர் மாதிரி. ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோற்றது யார் என்று மகன் கேட்டதும் (அலபாமாதான்) உட்கார்ந்துகொண்டார்.

நான் இடையில் கேட்டது ஒன்றே ஒன்று. அலபாமா ஆடிய 12 ஆட்டமும் புலிகளோடுதானா? மகன் சிரித்துக்கொண்டு சொன்னான், நவம்பர் நடுவில் மெர்சர் என்ற சின்னக் காலேஜைக் கூப்பிட்டு 52-7 என்று அடித்தார்களாம். பெரிய அணிகள் இப்படிச் சின்ன அணிகளைக் காசு கொடுத்தே வரவழைப்பது அங்கே வழக்கம். அதாவது தனக்கு ஒரு அருணாச்சலத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்வது.

ஜெகதீசன் யாரையும் தேடிப் பிடிக்கவில்லை. மாநில அணிகள் மோதும் 2022 விஜய் ஹசாரே கோப்பையில் அருணாச்சலத்தைத் தமிழ்நாட்டோடு ஒரே குழுவில் போட்டது கிரிக்கெட் வாரியம். எதிரணி லேசானது, நான் மறுக்கவில்லை. தமிழ்நாடு 506 எடுத்தது, அவர்கள் 71க்குச் சுருண்டார்கள். மும்பைக்கு எதிராக அடிக்கும் 277உம் இதுவும் ஒன்று என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாசகர் வசதியாக விட்டுவிட்டது, அதற்கு முந்தைய நாலு ஆட்டத்திலும் நாலு சதம் இருக்கிறது. ஆந்திரா, சத்தீஸ்கர், கோவா, ஹரியானா. அதில் எத்தனை பேர் லேசு?

இதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு எழுதக் காரணம் உண்டு. நாங்கள் மஞ்சள் போடுகிறவர்கள். ஏலத்தில் வியாபாரி மூட்டையில் கையை விட்டு ஒரு விரலியை எடுத்து, இரண்டாக உடைத்து, உள்ளே நிறம் எப்படி என்று வெளிச்சத்தில் பார்த்துத்தான் விலை சொல்வார். அதுதான் முறை. ஒரு வருடம் ஒருவர் மூட்டைப் பக்கமே குனியாமல் "எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பக்கத்துச் சரக்கா" என்று குவிண்டாலுக்கு இருநூறு குறைத்தே ஆரம்பித்தார். அவசரம், கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. குழுவின் பெயரைக் கேட்டு மார்க் போடுவதும் அதே வேலைதான். அங்கே இன்னும் மோசம், ஆகஸ்டில் ஒரு ஆட்டம்கூட நடக்குமுன் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். எஸ்.இ.சி. அணிகள் பாதி மேலே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அவர்களுக்குள் யார் தோற்றாலும் "பெரிய அணியிடம்தானே தோற்றான்" என்று ஆகிவிடும். பெரிய அணி என்று யார் சொன்னது? பட்டியல் சொன்னது.

எங்கள் வீட்டு வழக்கு எப்படி முடிந்தது என்றால், 2025 ஜனவரி 21 காலை எங்கள் வீட்டு டிவியில் முடிந்தது. எட்டாம் இடத்தில் வைக்கப்பட்ட ஒஹாயோ ஸ்டேட், டென்னஸியையும் டெக்சஸையும் வழியில் சாய்த்துவிட்டு (இரண்டும் எஸ்.இ.சி.), இறுதி ஆட்டத்தில் நாட்டர் டேம் அணியை 34-23 என்று அடித்தது. நாலு பேர் முறையே இருந்திருந்தால் அவர்கள் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் காபி டம்ளரைக் கழுவி வைத்தார். அவர் டம்ளர் கழுவியதை என் மனைவி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஜெகதீசனையும் அந்த வருடமே, 2025இல், இந்திய விக்கெட் கீப்பர் பந்த் காயம் பட்டபோது அவர் இடத்துக்கு இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார்கள். ஆட இடம் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். அந்த வாசகர் அடுத்த கடிதம் எழுதினால் ஆந்திராவுக்கு எதிரான 114ஐயும் ஹரியானாவுக்கு எதிரான 128ஐயும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை