செய்தியை நிறுத்தும் அதிகாரம்: டொராண்டோ நண்பனுக்கு ஒரு கடிதம்

பாம்பன்

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு வேலை உறுதியானதையும், உன் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. சோளகக் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் மட்டும், கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைப்பதில்லை.

2023 ஆகஸ்டிலிருந்து உங்கள் கனடா நாட்டில் ஃபேஸ்புக்கில் செய்தி எதுவும் வருவதில்லை என்றும், மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள் என்றும் ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். என்னால் அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை. செய்தி நிறுவனங்களுக்கு உரிய பணத்தைக் கொடுங்கள் என்று பெரிய இணைய நிறுவனங்களுக்கு ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. அதற்கு ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் செய்தியையே நிறுத்திவிடுகிறது. அந்த மாதமே காட்டுத்தீ பரவி, யெல்லோநைஃப் நகரின் ஏறத்தாழ 20,000 மக்களும் வீடுவாசலை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, பிரதமராக இருந்த ட்ரூடோ வெளிப்படையாகக் கண்டித்தும் அந்த நிறுவனம் இறங்கி வரவில்லை. கூகுள் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தருவதாகப் பேசி முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 2021 பிப்ரவரியிலேயே இதற்கு ஒத்திகை நடந்துவிட்டது. அங்கே ஃபேஸ்புக் நிறுத்திய செய்திகளோடு சேர்ந்து சுகாதாரத் துறை, அவசர உதவி அமைப்புகள் சிலவற்றின் பக்கங்களும் முடங்கின. சட்டத்தில் திருத்தம் செய்ய அரசு ஒப்புக்கொண்ட பிறகே செய்திகள் திரும்பி வந்தன.

இந்த நிறுவனங்களின் அரசியல் செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதுவும் உண்மைதான். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றபோது மெட்டாவின் ஜுக்கர்பெர்க், அமேசானின் பெசோஸ், கூகுளின் பிச்சை, எக்ஸ் தளத்தின் மஸ்க் ஆகியோர் மேடைக்கு அருகில் நின்றதையும், மெட்டாவும் அமேசானும் அந்த விழாவுக்குத் தலா 10 லட்சம் டாலர் கொடுத்ததையும் உலகமே பார்த்தது. ஆனால் பணம் கொடுத்து அரசைத் தன் பக்கம் இழுப்பது எல்லாக் காலத்துப் பெருமுதலாளிகளும் செய்த வேலை. மக்களின் அன்றாட வாழ்க்கை தங்கள் வழியாகவே நடக்கும்படி செய்துவிட்டு, பிறகு அந்த வழியை அடைத்துவிடுவோம் என்று அரசையே மிரட்டும் வலிமை இவர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. என்னை அஞ்சவைப்பது அதுதான்.

நம் கரையில் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுக்கும் வியாபாரிகளை நீ மறந்திருக்க மாட்டாய். வட்டி கேட்க மாட்டார்கள். பிடித்து வரும் மீனை மட்டும் அவர்களிடமே போட வேண்டும், விலையையும் அவர்களே சொல்வார்கள். 2015இல் ஃபேஸ்புக் நம் நாட்டில் இலவச இணையம் என்று கொண்டுவந்த திட்டமும் இப்படிப்பட்டதுதான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அவர்கள் ஏற்றுக்கொண்ட தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், மற்றதற்குக் கட்டணம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இது பற்றிக் கருத்துக் கேட்டபோது, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததோடு, தன் பயனர்களின் பெயரிலேயே முன்கூட்டி எழுதிவைத்த ஆதரவுக் கடிதங்களை லட்சக்கணக்கில் ஆணையத்துக்குப் போகச் செய்தது அந்த நிறுவனம். கருத்துக் கேட்பை இப்படித் திட்டமிட்ட வாக்கெடுப்பாக்கக் கூடாது என்று டிராய் கடிதம் எழுதிக் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய பாகுபாடான கட்டணங்களுக்குத் தடையும் விதித்தது. இலவசமாகக் கிடைப்பதை ஏன் தடுக்கிறார்கள் என்று அன்று கோபப்பட்டவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் நம் நாட்டில் ஒரு பொது அமைப்பு எடுத்த துணிச்சலான முடிவுகளில் அதுவும் ஒன்று.

அந்தத் துணிவு நிலைக்கவில்லையோ என்ற கவலை இப்போது எனக்கு வருகிறது. இணைய விளம்பர வருமானத்தின் மீது 2016இல் நாம் விதித்த 6 சதவீத வரி, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அதற்கு மறுநாள்தான் அமெரிக்கா தன் பதிலடி வரிகளை அறிவித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் நாடும் அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், முதல் தவணை வர ஒரு நாள் இருக்கும்போது, பெரிய இணைய நிறுவனங்களின் வருமானத்தின் மீதான தன் டிஜிட்டல் சேவை வரியைக் கைவிட்டது. டிரம்ப் வர்த்தகப் பேச்சை முறித்த இரண்டே நாளில் அது நடந்தது. நிறுவனங்களின் கணக்குவழக்குக்காக ஒரு வல்லரசே முன்னால் நின்று பேசும்போது, சிறிய நாடுகள் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்.

நேற்று மாலை மீன் வாடியில் ஒரு படகு டிரைவரின் அருகில் உட்கார்ந்திருந்தேன். உப்புத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட செல்போனை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். மறுநாள் டோக்கன் உண்டா என்ற அறிவிப்பு, காற்றின் வேகம், இறால் கம்பெனி சொன்ன விலை, இலங்கைக் கடற்படை பிடித்துப் போன ஒரு படகின் பதிவு எண் என எல்லாமே, அதே மெட்டா நடத்தும் ஒரே வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து வந்திருந்தன. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது வெறும் கோளாறு. அதையே ஒரு நாள் வேண்டுமென்று செய்தால், இந்தக் கரையில் யாருக்கு யார் தகவல் சொல்வது? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள், பாம்பனிலிருந்து கடல் ஓசை சமுதாய வானொலி 90.4இல் ஒலிபரப்பாகிறது என்பவை எனக்கு ஆறுதல்; இரண்டுக்கும் எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் தயவும் தேவையில்லை.

அடுத்த வாரம் மீனவர் சங்கக் கூட்டம் இருக்கிறது. டோக்கன் அறிவிப்பையும் வானிலை எச்சரிக்கையையும் வாட்ஸ்அப்போடு நிறுத்திவிடாமல், ஒலிபெருக்கியிலும் வாடி வாசலில் எழுதிப்போடும் பலகையிலும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மீன்வளத் துறைக்கு மனுக் கொடுக்கச் சொல்லப்போகிறேன். இளைஞர்கள் இதைப் பின்னோக்கிப் போவதாக நினைக்கலாம். ஆகவே உன் உதவி வேண்டும். காட்டுத்தீயின்போது அங்குள்ள மக்களுக்கு உண்மையில் தகவல் எப்படிப் போய்ச் சேர்ந்தது, செய்தி நின்றதால் உங்கள் பகுதிச் சிறு பத்திரிகைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை விசாரித்து விரிவாக எழுது. கூட்டத்துக்கு முன் வந்து சேர்ந்தால் அதை அங்கே வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
காதர்