ரிமோட் காரில் கருகும் ஸ்டியரிங் சர்வோ: வாரண்டி மறுப்பு குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தங்களிடம் வாங்கிய 1:10 அளவு ரிமோட் காரின் ஸ்டியரிங் சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி) இரண்டாவது முறையும் கருகிவிட்டது. முதல் சர்வோ போனபோது, "அதிக வெப்பமான பகுதியில் இயக்கப்பட்டதால் வாரண்டி பொருந்தாது" என்று பதில் வந்தது. சரி என்று காசு கொடுத்து, தங்கள் சர்வீஸ் சென்டரிலேயே வேறு சர்வோ மாட்டி வாங்கினேன். இப்போது அதுவும் போய்விட்டது. வெயில்தான் காரணம் என்பதை இனி என்னால் ஏற்க முடியாது.

நெல்லை வெயில் கடுமைதான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் இரண்டாவது சர்வோ போனது ஆனி மாதத்தில், குற்றாலத்தில் சாரல் விழுந்து இங்கே காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டன. சர்வோவில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதே காரில் ஓட்டும் மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வெயில் சர்வோவை மட்டும் தேடிப்பிடித்துச் சுடுமா?

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வோவின் அடிமூடியைக் கழற்றியதுமே வார்னிஷ் கருகிய வாடை வந்தது. கியரில் ஒரு பல்கூட உடையவில்லை. தண்ணீர் இறங்கிய தடம் இல்லை, துரு இல்லை. உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் கருகி, அதன் பக்கத்தில் போர்டு பழுப்பேறியிருக்கிறது. ஜாம் ஆன போர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதேதான் இதிலும். சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் எதிர் வோல்டேஜ் உண்டாகாது. காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான் கரண்டைத் தடுக்கும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

ஜாம் எங்கே என்று பார்த்தேன். இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்பினால் வழுவழுவென்று திரும்புகின்றன. மண் அடைப்பு இல்லை. அப்புறம் ரிமோட்டைக் கவனித்தேன். ஸ்டியரிங் டிரிம், அதாவது சக்கரங்களின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் குமிழ், கிட்டத்தட்ட கடைசிவரை வலப்பக்கம் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் சக்கரங்கள் கோணலாக நிற்கின்றன. சர்வோ தண்டில் 25 பற்கள். அதில் மாட்டும் ஹார்னை (இணைப்புக் கம்பியைத் தள்ளி இழுக்கும் சின்னக் கை) ஒரு பல் தள்ளி மாட்டினாலே 14 டிகிரிக்கு மேல் விலகிவிடும். அந்தக் கோணலை ஹார்னைக் கழற்றிச் சரிசெய்யாமல் டிரிம்மை வைத்து மறைத்திருக்கிறார்கள். இந்த ரிமோட்டில் டிரிம் நடுவை மட்டும்தான் நகர்த்துகிறது, இரண்டு கோடிகளும் மாறுவதில்லை. அதனால் நடுவிலிருந்து இடது கோடிக்குப் போகும் தூரம் கூடிவிட்டது. சக்கரம் இடப்பக்கம் முட்டி நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் முட்டியது அதற்குத் தெரியாது. நான் கடனுக்கு வாங்கிய ஒரு சர்வோவை அதேபோல மாட்டி இடது கோடிவரை திருப்பியதும் "உர்ர்" என்று முனகியது. ரிமோட் சக்கரத்தை ஒரு நூல் அளவு விட்டதும் முனகல் நின்றது. முட்டும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய சர்வோ சேவர் ஸ்பிரிங்கோ, அசையவே இல்லை. அவ்வளவு இறுக்கம்.

திரும்பும் அளவைக் குறைக்க ரிமோட்டில் ஒரே ஒரு குமிழ்தான். இடப்பக்கத்துக்கு ஏற்றாற்போலக் குறைத்தால் வலப்பக்கம் சரியாகத் திரும்புவதில்லை. இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கோடியைக் குறிக்கும் எண்ட் பாயிண்ட் வசதி இல்லை.

போனில் பேசிய தங்கள் ஊழியர், சர்வோவுக்கு மேலே சின்ன ஃபேன் மாட்டச் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஃபேன் மேல்கூட்டைத்தான் குளிர்விக்கும், முட்டலைச் சரிசெய்யாது.

மேனுவலில் பேட்டரி சார்ஜ் செய்வது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிரிம்மை நடுவில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகே ஹார்னை மாட்ட வேண்டும், முனகல் வராத இடத்தில் கோடியை நிறுத்த வேண்டும், கார் நிற்கும்போது ஸ்டியரிங்கைக் கோடியில் பிடித்து வைக்கக் கூடாது, 6 வோல்ட் சர்வோவுக்கு 7.4 வோல்ட் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் வாங்குகிற பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

ஆகவே, ஹார்னைச் சரியாக மாட்டி, வேறு சர்வோவை இலவசமாகத் தர வேண்டும். முதல் சர்வோவுக்குப் பதிலாக வேறு மாட்ட நான் கொடுத்த பணத்தைத் திருப்ப வேண்டும். தனித்தனி எண்ட் பாயிண்ட் உள்ள ரிமோட்டும் வேண்டும். அது இல்லாமல் புது சர்வோவும் கருகத்தான் செய்யும். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் சரிபார்க்கும் முறையைத் தமிழில் அச்சிட்டு அனுப்புங்கள்.

கருகிய சர்வோ இரண்டையும், டிரிம் இருந்த நிலையின் படங்களையும், ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்