அடைக்கக் கூடாத குழாய்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கல்யாணத்துக்கு வராததில் சுதாவுக்கு இன்னும் கோபம் என்று கேள்விப்பட்டேன். நேரில் வந்து சமாதானப்படுத்துகிறேன்.

நேற்று போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் சொன்னாய்: வீட்டைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் சொட்டுகிறது, மரக்கட்டையைச் செதுக்கி அடைத்துவிட்டேன் என்று. எதையும் அடைத்துவிடுவது உன் ஹாஸ்டல் வைத்தியம், அந்த வாஷ்பேசினை யாரும் மறக்கவில்லை. ஆனால் இது விளையாட்டில்லைடா. கட்டையைப் பிடுங்கிவிட்டேன், பாய்லரையும் அணைத்துவிட்டேன் என்று உன் மெசேஜ் வந்த பிறகுதான் படுத்தேன். அது சேஃப்டி வால்வின் வாய். உள்ளே அழுத்தம் 3 பார் ஏறியதும் திறந்து தண்ணீரை வெளியே தள்ளத்தான் அது இருக்கிறது. அதை மூடினால் அழுத்தம் எங்கே போகும்?

போன குளிர்காலம் எனக்கும் இதே தொல்லை. அழுத்தம் காட்டும் கேஜின் முள் காலையில் 1.2-ல் நிற்கும், ஹீட்டிங் போட்ட அரைமணியில் 3-ஐத் தொடும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் சாவியைத் திருகித் தண்ணீரை வடிப்பேன். ராத்திரி ஆறியதும் 0.5-க்கு இறங்கி பாய்லர் நின்றுவிடும், மறுபடி தண்ணீர் ஏற்றுவேன். ஆறு வாரம் இப்படி. வந்த பிளம்பர் கேஜை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். புது முள்ளும் அதே 3-ஐக் காட்டியது. புதுத்தண்ணீர் ஏற ஏற அதோடு ஆக்சிஜனும் போய் ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

இரண்டாவதாக வந்த பெண் நேராக, சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பேன்ஷன் டாங்கிடம் போனார். அதில் சைக்கிள் டியூபில் இருப்பதுபோல ஒரு வால்வு. மூடியைக் கழற்றி நடு ஊசியை நகத்தால் அழுத்தினார். காற்று வரவேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் முழங்கைவரை வழிந்தது. "டயஃப்ரம் கிழிந்துவிட்டது" என்றார். டாங்குக்குள் காற்றையும் தண்ணீரையும் பிரித்துவைக்கும் ரப்பர் திரை அது. 10 டிகிரித் தண்ணீர் 80 டிகிரிக்குப் போனால் 100 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடும். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுப்பது டாங்கில் அடைத்துவைத்த காற்றுதான். காற்று இல்லையென்றால் முள் ஏறாமல் என்ன செய்யும்? டாங்கை மாற்றினார், முள் இப்போது சூட்டிலும் 1.7-ஐத் தாண்டுவதில்லை.

உனக்கும் அதுவேதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பாய்லர் அணைந்துதானே இருக்கிறது, நன்றாக ஆறட்டும். முள்ளை 1.2-க்குக் கொண்டுவந்து, தண்ணீர் ஏற்றும் வால்வை இறுக்கி மூடிவிட்டுத் தூங்கு. காலையில் ஏறியிருந்தால் அந்த வால்வு கசிகிறது. மெயினிலிருந்து தண்ணீர் ஏற்றும் இணைப்புக் குழாயையே கழற்றிவைத்தும் ஏறினால், பாய்லர் சூட்டைக் குளிக்கும் வெந்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஊசித்துளை விழுந்து மெயின் தண்ணீர் உள்ளே தள்ளுகிறது. ஆறியிருக்கும்போது அசையாமல், சூடேறும்போது மட்டும் ஏறினால் டாங்க்தான். காற்று மட்டும் குறைந்திருந்தால் பம்ப் வைத்து அடித்தே சரிசெய்யலாம். ஆனால் உள்ளே தண்ணீர் அழுத்தம் சுழிக்கு இறங்கிய பிறகுதான் காற்றை அளக்கவேண்டும், இல்லையென்றால் கணக்குத் தப்பும். அதை நீ தொடாதே, தெரிந்தவர் செய்யட்டும். அடைத்துக்கிடந்த சேஃப்டி வால்வையும் மாற்றச் சொல். ஒருமுறை திறந்த வால்வில் அழுக்குச் சிக்கினால் சரியாக மூடாது.

ராத்திரி முள், காலை முள், இரண்டையும் எழுதி அனுப்பு. அதுவரை பாய்லரைப் போடாதே. குழந்தைகளுக்குக் கம்பளி போதும்.

உன்,
மூர்த்தி