கொசுவுக்கு மருந்து பழகிடுச்சா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் கொசுத்தொல்லை பத்தின செய்தில "கொசுக்களுக்கு மருந்து பழகிவிட்டது"ன்னு போட்டிருந்தீங்க. எங்க வியாசர்பாடில எல்லாரும் சொல்றது இதேதான். நேத்து ராத்திரி கொசுவத்தி எரியுது, அந்த தகர ஸ்டாண்டுக்கு ஒரு ஜாண் மேல செவுத்துல ஒண்ணு சொகமா உக்காந்திருக்கு, எங்க வீட்டம்மா "பாத்தீங்களா, பழகிடுச்சு"ன்னாங்க (செருப்பால அடிச்சேன், அதுக்கு செத்துச்சு).

குடிகாரனுக்கு சரக்கு பழகுற மாதிரி இல்ல சார் இது. சாவுற கொசு செத்துடுது. கூட்டத்துல ஏதோ ஒண்ணு ரெண்டுக்குப் பொறக்கும்போதே சின்ன வித்தியாசம் இருக்கும், கொசுவத்தி லிக்விட் ரெண்டுலயும் வர்ற பைரித்ராய்டு மருந்து நரம்புல எங்க போய்ப் பிடிக்குமோ அந்த எடம் லேசா மாறியிருக்கும், அதனால மருந்து சரியா ஏறாது. தப்பிச்சது முட்டை போடும், சாக்கடைக் கொசு ஒரே தடவைல 100 முட்டைக்கு மேல போடுது, நம்ம ஊர் சூட்டுக்கு பத்து நாள் கிட்ட ஆனா அதுங்களும் பறக்க ஆரம்பிச்சிடும், அதுங்கள்ல நெறைய ஆத்தாளுக்கு இருந்த அதே வித்தியாசத்தோட வரும். கொசு அதே கொசுதான், கூட்டத்தோட கலவைதான் மாறுது.

இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் வெள்ளை ஒடம்புல கறுப்புப் புள்ளி வச்ச ஒரு அந்துப்பூச்சி, அதுல 1848ல முழுக்கக் கறுப்பா ஒண்ணு கெடச்சுது, மில்லு புகையில மரமெல்லாம் கரி பிடிச்சதுல வெள்ளைய குருவிங்க ஈஸியா கொத்திட்டுப் போக 1895க்குள்ள அங்க 100க்கு 98 கறுப்பு. 1956ல புகைக்கு சட்டம் போட்டு காத்து சுத்தமானதும் பழையபடி வெள்ளை ஏறிடுச்சு. அப்ப மருந்த மாத்தி மாத்தி அடிச்சா கொசுக்கூட்டமும் ஒரே மருந்துக்குத் தப்பிக்கிற பக்கமே சாயாதுல்ல?

இங்க என்னன்னா சாயங்காலம் கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வருது, டீசல் வாசனைல ஜன்னல சாத்திக்கிறோம், கேப்டன் காட்டன் கால்வாய்ல ஆகாயத்தாமரைக்கு அடில கொசுப்புழு நெளியுது, அதுக்கு அந்தப் புகையால ஒண்ணும் ஆகறதில்ல. மொதல்ல அந்தத் தாமரைய அள்ளி எடுங்க, தண்ணி ஓடட்டும்.

அடுத்த தடவ கொசு செய்தி போடுறப்ப உங்க நிருபர விட்டு அதிகாரிங்கள ரெண்டே ரெண்டு கேக்கச் சொல்லுங்க: அடிக்கிற மருந்து பேரு என்ன, எத்தன வருஷமா அதையே அடிக்கிறீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை-39