செட்டிநாட்டு ஓடுதளம்: சொக்கலிங்கத்துக்கு ஒரு கடிதம்

கானாடுகாத்தான்
மார்கழி 12

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பேரனை உன் பழைய விமானக் கம்பெனியான ஹெச்ஏஎல்லின் மியூசியத்துக்குக் கூட்டிப்போய் மாருத் போர் விமானத்துக்குக் கீழே நிறுத்தி எடுத்த படத்தையும் பார்த்தேன். ஜெர்மன்காரர் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்த விமானம் அது. அதன் கடைசி வருஷங்களில் உன் கை படாத பாகம் இருந்திருக்காது. கயிறு கட்டி நிறுத்திவைத்திருந்ததைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

நம்ம ஊர் ஏரோட்ரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறதப்பா. கால்நடைப் பண்ணைக்காரர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போன மாதம் போய்வந்தேன். ஓடுதளத்தின் விளிம்பு இன்னும் நேர்கோடாகத்தான் போகிறது. வெடிப்புகளில் கோரைப்புல், இரண்டு பக்கமும் கருவேலம், நடுவில் மாடுகள். நான் நின்ற இடத்தில் ஒரு கிடாரி வந்து என் வேட்டி முனையை மோந்து பார்த்துவிட்டுப் போனது. காலுக்கடியில் இருப்பது சாதாரண ரோடு இல்லை என்பது நாலு அடி நடந்ததுமே தெரிந்துவிடும். இவ்வளவு அகலத்தையும் இவ்வளவு சமத்தையும் நம் பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

என் அப்பத்தா சொல்வார்கள், ரங்கூனில் குண்டு விழுந்த சேதி வந்த அன்று இந்த வீதியில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை என்று. 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் ரங்கூனே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. கொடுக்கல் வாங்கலையும் வயலையும் பெட்டகத்தையும் அப்படியே போட்டுவிட்டு பர்மாவிலிருந்து நம்மவர்கள் கால்நடையாக வந்தார்கள். ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னையே காலியானது. அந்தப் பதற்றத்தில்தான் நாடு முழுக்க 200-க்கும் மேற்பட்ட விமானத் தளங்களுக்குத் திட்டம் போட்டார்கள். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சூலூர், தஞ்சாவூர் எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள்தான். செங்குன்றம் ஏரித் தண்ணீரில் கேட்டலினா விமானங்கள் இறங்கின. அந்த வரிசையில் நம்ம செட்டிநாடும் ஒன்று. 1945-ல் மலேயாவில் படை இறக்கத் திட்டமிட்டபோது தெற்கத்தித் தளங்களில் கூட்டம் நெரிந்தது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் படை இறங்கியபோது எதிர்த்துச் சுட ஆளில்லை. தளங்களும் அத்தோடு ஓய்ந்துபோயின.

பள்ளத்தூரில் தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். சிறுவனாக இருந்தபோது இந்த வேலையைப் பார்த்தவர். பெண்கள் வரிசையாகத் தலையில் ஜல்லிக் கூடை சுமந்ததையும், சாயங்காலம் அங்கேயே கூலி எண்ணிக் கொடுத்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். விமானத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உருவம் ஞாபகம் இல்லை, சத்தம்தான் ஞாபகம். முகப்புத் திண்ணையில் காயப்போட்டிருந்த அப்பளம் அதிர்ந்ததாம். இவரைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? எனக்கு அவசரம் அதனால்தான்.

விமானத்தைக் காப்பாற்றுகிறவர்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும். லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களின் கதையை எனக்கு முதலில் சொன்னதே நீதான். யுத்தம் முடிந்து கிளம்பும்போது வெள்ளைக்காரர்கள் கான்பூரில் அவற்றை இனிப் பறக்கவே கூடாது என்று சிதைத்துவிட்டுப் போக, ஹெச்ஏஎல் ஆட்கள் போய் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டி எழுப்பினார்கள். ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1968 முடியும்வரை நம் விமானப்படையில் ஓடின. இன்றைக்கு பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்திலும், அமெரிக்காவில் அரிசோனாவின் பிமா மியூசியத்திலும், கனடாவிலும் நிற்கிற லிபரேட்டர்கள் நம்மிடமிருந்து போனவை. உலகம் பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டதை நம் ஃபிட்டர்கள் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம் விமானப்படையின் பரசுராமா என்ற டகோட்டா சரக்கு விமானமும் அப்படித்தான். 2018-ல் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்து சேர்ந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் விபி 905 என்ற எண்ணையே அதற்கும் எழுதியிருக்கிறார்கள். அதன் இரட்டை இன்ஜின் சத்தத்தை வீடியோவில் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் விமானத்துக்குக் கிடைக்கிற கவனத்தில் கால்வாசிகூட அது நின்ற மண்ணுக்குக் கிடைப்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் உனக்குத் தெரியுமே. எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு நடுவே உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒரு டயல் கிடந்தது. "ரங்கூன் கடிகாரம், ஓடாது" என்றார் கடைக்காரர். எடுத்துப் பார்த்தால் மூன்று முள், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண்கள், சின்னதாக ஒரு ஜன்னலுக்குள் காற்றழுத்தத்தின் மில்லிபார் அளவு, கீழே திருகு. பின்பக்கம் கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்துகளும், 6ஏ என்று தொடங்கும் எண்ணும். பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் ஆல்டிமீட்டர், விமானம் பறக்கிற உயரத்தைக் காட்டும் கருவி! பேரம் பேசவே எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைய காற்றழுத்தத்தை ஃபோனில் பார்த்துத் திருகினேன். கண்ணாடியை விரலால் தட்டியதும் நீள முள் நடுங்கி, 300 அடிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. கடல்மட்டத்திலிருந்து நம்ம பக்கம் ஏறத்தாழ 270 அடி உயரம் அல்லவா? வளவிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறிப்போய் மறுபடி தட்டினேன். முள் ஒரு நூல் நகர்ந்தது. உள்ளே காற்றை உறிஞ்சி அடைத்த மெல்லிய உலோகச் சிமிழ் எண்பது வருஷம் கழித்தும் அழுத்தம் குறைந்தால் விரிகிறது, கூடினால் சுருங்குகிறது. செய்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அதைத் திறந்துவிடவில்லை, பயப்படாதே. முள்ளிலும் எண்ணிலும் பூசியிருப்பது ரேடியம். இருட்டில் இப்போது ஒளிராது. ஆனால் மங்கியது அதோடு கலந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி அந்தப் பொடி மூச்சில் போனால் ஆபத்து. பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்கிற கருவி, எந்த விமானத்தில் இருந்தது, எந்தத் தளத்தில் கழற்றினார்கள் என்று மட்டும் சொல்லாது. கடைக்காரருக்கும் தெரியவில்லை. பொருள் தப்பித்துவிட்டது, அதன் ஊர் தொலைந்துவிட்டது. நம்ம வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் லாரி ஏறி யார் யாருடைய ஹோட்டலிலோ நிற்கிறதைப் பார்க்கும்போது வருகிற அதே வேதனை எனக்கு இதிலும் வந்தது.

சோழவரத்தில் ஓடுதளம் பல வருஷம் மோட்டார் பந்தயத்துக்குப் பயன்பட்டது. தஞ்சாவூர் மறுபடி விமானப்படைத் தளமாகி, 2020-லிருந்து சுகோய் போர் விமான அணி அங்கே இருக்கிறது. ஒரு பழைய தளத்துக்கு இதைவிட நல்ல காலம் வராது. நம்ம தளம் பிழைத்ததற்கு நான் மாடுகளுக்குத்தான் நன்றி சொல்வேன். பண்ணை நிலமாக அரசாங்கத்தின் கையில் இருந்ததால் பிளாட் போட்டுக் கல் ஊன்ற யாராலும் முடியவில்லை. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் இங்கே விமானம் விட வேண்டும் என்கிறாய். விட்டால் முதல் ஆளாக மாலையோடு போய் நிற்பேன். அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்பதில்தான் நான் உன்னோடு மாறுபடுகிறேன்.

அதேபோல, பழைய போர் விமானம் ஒன்றை வாங்கி ஊர் முகப்பில் பீடத்தில் ஏற்றலாம் என்ற உன் யோசனை. சொக்கா, நீ சொல்லும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலில் நிறுத்திய விமானம் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். ஒரு கல்லூரி வாசலில் போன வருஷம் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் தண்ணீர் வடிகிற துளைகளை எல்லாம் வீட்டு எனாமல் பெயின்ட் அடித்து அடைத்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கி, எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் சேருகிற இடங்களில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறது. விமானி உட்காருமிடத்தின் கண்ணாடி மூடி பழுப்பேறிப் பால்போல ஆகிவிட்டது, இன்ஜின் வாயில் மைனாக் கூடு. கூரை போட ஆள் இருந்தால், வருஷாவருஷம் கழுவித் துளை திறந்துவிட ஆள் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் மியூசியத்திலேயே பத்திரமாக இருக்கட்டும். சென்னை எம்ஐடி கல்லூரியில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பையன் தொட்டுப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் போதும், அதை உளுத்துப்போக விடாமல் வைத்தால்.

இங்கே நான் தொடங்கியிருப்பது செலவில்லாத வேலை. பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டேப் பிடித்து ஓடுதளத்தை அளக்கிறோம். பெரியவர்கள் பேசுவதை ஃபோனில் பதிவு செய்கிறோம். தாலுகா ஆபீஸில் பழைய புலப்படமும், யுத்த காலத்தில் நிலம் எடுத்த பதிவும் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. வீடு பார்க்க வருகிறவர்களுக்கு இந்த ஓடுதளத்தையும் காட்ட வேண்டும். ஒரு கல், அதில் தமிழில் நாலு வரி. இங்கிலாந்தில் கைவிட்ட தளங்களுக்கு இப்படி நினைவுக்கல் வைப்பதையே ஒரு அறக்கட்டளை வேலையாக வைத்திருக்கிறது.

அந்த நாலு வரியில் அழகப்பரையும் சேர்க்க எனக்கு ஆசை. லண்டனில் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர் கோட்டையூர்க்காரர். யுத்தம் முடிந்ததும் ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே தொடங்கினார். கம்பெனி நிலைக்கவில்லை. காரைக்குடியில் கல்லூரிகளும், அவர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் நிலைத்துவிட்டன. அதனால் அவரைப் பறந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. உன் மகள் மீனா லண்டனில்தானே இருக்கிறாள்? அங்கே கியூ என்ற இடத்தில் இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ் ஆவணக் காப்பகத்தில் ராயல் ஏர்ஃபோர்ஸின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன. ஸ்குவாட்ரன்களுக்கு ஏஐஆர் 27, நிலையங்களுக்கு ஏஐஆர் 28 என்று வரிசை. 1943-லிருந்து 1945 வரை செட்டிநாடு என்ற பெயர் வருகிற பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு மாறியிருக்கலாம், மதுரை, தஞ்சாவூர் பதிவுகளையும் ஒரு பார்வை பார்க்கச் சொல். ஒரு நாள் லீவு போட்டால் முடிகிற வேலை; செலவை நான் அனுப்புகிறேன்.

நீ மாசி மகத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். நாலு நாள் கூடுதலாகத் தங்குகிற மாதிரி டிக்கெட் போடு. வடக்குப் பக்கம் கருவேலத்துக்குள் இடிந்த கட்டடத்தின் அடித்தளம் ஒன்று கிடக்கிறது. அது எதற்கான கட்டடம் என்று உன்னைப்போல் ஹேங்கரில் காலம் கழித்தவன் பார்த்தால்தான் தெரியும். கனமான பூட்ஸ் கொண்டுவா, முள் அதிகம்.

ஆச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
நாச்சியப்பன்